யோகா டிப்ளமோ

யோகாவுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் யோகா டிப்ளமோ படிக்கிறேன். அதற்கு முன்னால் எம்.ஏ. வரலாறு, அதற்கும் முன்னால் பி.ஏ. எல்லாம் சாஃப்ட்பால் கோட்டாவில்தான். காலேஜ் டீமுக்குப் பந்து போட ஆள் வேண்டுமாம். ஒரு படிப்பு முடிந்தால் பி.டி. மேடம் பங்கஜம் என்னை இன்னொன்றில் தள்ளிவிடுவார். ஃபீஸ் கிடையாது. சேரும்போது வாங்கிக்கொண்ட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகள் மட்டும் அவர் பீரோவை விட்டு வராது.

நாளைக் காலை ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு செலக்‌ஷன். ஒரிஜினல் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். போன வருடமும் இப்படித்தான் கோட்டைவிட்டேன். ஊரூர் குப்பத்தில் அம்மா மீன் கூடையைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

காலையில் மேடத்திடம் கெஞ்சினேன்.

"இன்னிக்கு செமிஃபைனல்ல தோத்துட்டா சாயங்காலமே வாங்கிக்கோம்மா. ஜெயிச்சா நாளைக்கு ஃபைனல். நீ இல்லாம எப்படி?" என்றார்.

அப்படியென்றால் தோற்க வேண்டியதுதான். வேறென்ன வழி, நீங்களே சொல்லுங்கள்.

அடையாறு மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால். எதிர் டீமில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இரண்டு பேர் பேஸில் ஓடத் தயாராக நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் போதும், இருவரும் வந்து சேர்ந்துவிடுவார்கள், நாங்கள் காலி. இத்தனை வருடத்தில் ஒரு பந்தைக்கூட நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததில்லை. குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாக, நேராக நடுவில் போட்டேன்.

விளாசினாள் புண்ணியவதி. ஆளில்லாத பக்கமாகப் பந்து பறந்தது. அப்பாடா, சர்டிஃபிகேட் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

எங்கிருந்துதான் வந்தாளோ புஷ்ரா! பி.ஏ. கடைசி வருடம், எங்கள் டீமிலேயே ஒல்லிக்குச்சி. தரையோடு தரையாகப் பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டாள். ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஜெயித்துத் தொலைத்தோம்.

முழங்கையில் ரத்தம் வழிய ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "இன்னாக்கா இப்டி போட்ட? நல்லவேள நான் கீறேன். காப்பாத்திட்டேன் பாத்தியா!"

"சூப்பர்டி" என்றேன். அவளை ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது.

மேடம் வந்தார். என் தோளில் கை போட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நாளைக்கு அந்த மாதிரி பால் வேணாம், தமிழ்நிலா" என்றார். பிறகு புஷ்ரா பக்கம் திரும்பினார்.

"உனக்கு இந்த வருஷத்தோட முடியுதில்ல? கவலையே படாத. எம்.ஏ.ல போட்டுடறேன். ஃபீஸ் கிடையாது."

புஷ்ரா குதித்தாள். மேடம் நகர்ந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணான்டி. சேராத. சர்டிஃபிகேட்ட வாங்கிக்கினு ஓடிப்போயிடு."

"போக்கா!" என்று சிரித்தாள். "உன் எடத்துக்கு நான் வந்துடுவேன்னு பயமா?"