அப்பா படித்த பக்கம்

"எழுத்தா? அதைத்தான் ஒண்ணாங்கிளாஸ்லயே கத்துக்கிட்டியே பாப்பா! மறுபடியும் காசு கட்டி எழுத்து படிக்கப் போறியா?"

டிசைன் படிப்புல சேர்றேன், அதுல டைப்போகிராஃபின்னு ஒரு பாடம் இருக்கு, எழுத்தை எப்படி வெச்சா கண்ணு சிரமப்படாமப் படிக்கும்னு சொல்லித் தருவாங்கன்னு நான் மூச்சு முட்ட விளக்கினதுக்கு அப்பா கேட்ட கேள்வி இது. கேட்டதோட விட்டாரா? கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அப்பாவுக்கு வண்டி உதிரிபாகக் கடை. ஒரே பொண்ணு வந்து கல்லாவுல உக்காருவான்னு நான் தவழ்ந்த காலத்துலேருந்து மனக்கோட்டை கட்டி வெச்சிருந்தவரு.

அம்மா நடுவுல புகுந்து பஞ்சாயத்து பண்ணினா. ஒரு வருஷம் படிக்கட்டும், தேறினா மேல படிப்பு, தேறலேன்னா கடை. "பேச்சு மாறக் கூடாது"ன்னாரு அப்பா. "நீங்க மாறாம இருந்தாப் போதும்"னேன் நான். எனக்கு அவரோட மூக்கு, அவரோட வீம்பு, ரெண்டும் அப்படியே வந்திருக்கு.

அடடா, என்ன வருஷம் அது! நீள மேஜை, பசை வாசனை, சரியா மூடாத ஜன்னல். கருப்புத் தாள்ல எழுத்தெழுத்தா வெட்டி ஒட்டுவோம். அப்புறம் வாசல் வரைக்கும் போய்க் கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாப்போம். எங்க டீச்சருக்கு நாங்க வெச்ச பேரு பூதக்கண்ணாடி. எங்களுக்கு அக்கா வயசுதான், ஆனா மயிரிழை இடைவெளி கூடினாலும் கண்டுபிடிச்சுடுவாங்க. "எழுத்தை அப்புறம் பாரு, எழுத்துக்கு நடுவுல இருக்கிற வெள்ளையை முதல்ல பாரு"ன்னு ஓயாமச் சொல்லுவாங்க. அது தலைக்குள்ள ஏறி, பஸ்ல போறப்பக்கூட கடைப் பலகைங்களைப் பாத்துக் கண்ணைச் சுருக்குவோம். "அந்த எழுத்து பாருடி, புருஷனோட கோவிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காந்த மாதிரி இருக்கு"ன்னு என் தோழி ஒல்லிக்குச்சி சொல்லுவா. பக்கத்து சீட்டு ஆளுங்க எங்களுக்குக் கண் வியாதின்னு நினைச்சு நகர்ந்து உக்காருவாங்க. அந்தச் சிரிப்பு எல்லாம் இப்ப எங்க போச்சுன்னே தெரியல.

வருஷக் கடைசியில எங்க வகுப்புக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. வாசகர் நாள். வீட்ல ஒருத்தரை வாசகரா எடுத்துக்கணும். நாமளே ஒரு பத்தி எழுதி, அவருக்குத் தோதா ஒரு பக்கம் அமைக்கணும். அந்த நாள் வர்ற வரைக்கும் அவர் அதைப் பாக்கக் கூடாது. அன்னிக்கு வகுப்புக்கு வந்து எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிப்பாரு. தடுமாறாமப் படிச்சா பாஸ், இல்லேன்னா அந்த வருஷமே ஃபெயில். "இந்த ஒரு வேலையில நான் வாயே தொறக்க மாட்டேன். வாசகர் சொல்றதுதான் தீர்ப்பு"ன்னுட்டாங்க பூதக்கண்ணாடி.

நான் அப்பாவை எடுத்தேன். வேற யாரை எடுப்பேன்? அந்தாளு வாயாலயே என் எழுத்தைப் படிக்க வெக்கணும்னு ஒரு வெறி.

எங்க தெருவுல மழை பெஞ்ச ஒரு சாயங்காலத்தைப் பத்தி எழுதினேன். மூச்சு நிக்கிற இடத்துலதான் வரியை முறிக்கணும்ங்கிறது பாடம். அதனால வீட்ல நடந்துக்கிட்டே ஒரு மாசம் அதையே சத்தமாப் படிச்சுப் பாத்தேன். "கிளிப்பிள்ளை! காது புண்ணாகுது, நிறுத்துடி"ன்னு அப்பா கத்துவாரு. கத்திட்டு ரேடியோ சத்தத்தை மட்டும் குறைப்பாரு. அது ஏன்னு எனக்கு அப்ப உறைக்கல.

அந்த வயசுல எங்க எல்லாருக்கும் ஒரே பைத்தியம். எழுத்து ஒல்லியா இருக்கணும், சின்னதா இருக்கணும், கருப்பே கூடாது, வெளிர் சாம்பல்ல இருக்கணும், சுத்தியும் மைதானம் மாதிரி வெள்ளை கிடக்கணும். அதுதான் அழகு! என் பக்கமும் அப்படித்தான். வாசகர் நாள் காலையில பாத்தா, பத்தியோட கடைசி வார்த்தை மட்டும் தனி வரியில விழுந்து தொங்குது. எனக்குப் பொறுக்கல. "குடையை மறந்து வந்தவர்தான் அன்று அதிகம் சிரித்தார்"ங்கிற கடைசி வாக்கியத்தையே தூக்கிட்டு, புதுசா ஒரு தாள் அச்சடிச்சு எடுத்துக்கிட்டு ஓடினேன்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில வந்தாரு. தாளைக் கையில வாங்கினாரு. கொஞ்சம் தள்ளிப் பிடிச்சாரு. இன்னும் கொஞ்சம் தள்ளினாரு. கை நீளம் தீந்து போச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கடையில பெட்டி மேல போட்டிருக்கிற எழுத்தை எல்லாம் வேலையாளைத்தான் படிக்கச் சொல்லுவாரு. கண்ணாடி போடச் சொன்னா "நான் என்ன கிழவனா?"ன்னு சீறுவாரு. மயிரிழை வெள்ளையெல்லாம் பாத்த நான் வீட்ல இருக்கிற மனுஷனைப் பாக்கல.

தொலைஞ்சோம், நாளைலேருந்து கல்லாதான்னு நினைச்சேன்.

அப்பா தொண்டையைச் செருமிக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சாரு. கணீர்னு. நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தி, ஒரு தடங்கல் இல்லாம. வகுப்பே அசந்து போச்சு. பத்தி முடியிற இடம் வந்தும் அவர் நிறுத்தல. "குடையை மறந்து வந்தவர்தான் அன்று அதிகம் சிரித்தார்"னு முடிச்சுட்டு, தாளை மடிச்சுக்கிட்டு நிமிர்ந்தாரு.

எல்லாரும் கை தட்டினாங்க. பூதக்கண்ணாடி தாளைப் பாக்கவே இல்ல, அவங்க பாத்தது எல்லாம் வாசகர் முகத்தைத்தான். "பிரமாதம் ஐயா"ன்னு சொல்லிட்டு மார்க் போடப் பேனாவை எடுத்தாங்க.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். முடியல.

"மேடம், அவர் படிக்கல. அந்தக் கடைசி வரி தாள்ல இல்லவே இல்ல. காலையில எடுத்துட்டேன்."

அப்பாவுக்கு முகம் செவந்து போச்சு. "பாப்பா, சும்மா இரு! டீச்சர், இவ நல்லாத்தான் பண்ணியிருக்கா. என் கண்ணுதான் மக்கர் பண்ணுது."

"அந்தக் கண்ணுக்காகத்தானே ஐயா இவ பண்ணியிருக்கணும்"னு மெதுவாச் சொன்னாங்க பூதக்கண்ணாடி. ஃபெயில். லீவு முடிஞ்சு இன்னொரு தடவை செய்யலாம், வீட்ல சம்மதிச்சா.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். எனக்குத்தான் தாங்கல. "கண்ணுக்குத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீங்க ஆசைப்பட்ட மாதிரியே நான் கடைக்கு வந்திருப்பேன். எதுக்குப்பா படிச்சீங்க?"

"அத்தனை பேர் நடுவுல என் பொண்ணு தலை குனிஞ்சு நிப்பா, நான் வேடிக்கை பாக்கணுமா? போடி."

"சரி. பேச்சு பேச்சுதான். நாளைலேருந்து கடைக்கு வரேன்."

"கடையில உனக்கு என்னடி வேலை?" திடீர்னு குரல் ஏறிடுச்சு. "லீவு முடிஞ்சதும் என்னைத்தான் கூட்டிட்டுப் போகணும், சொல்லிட்டேன். உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனே, நடக்கிறதே வேற. ஒரு மாசமா காதால கேட்டாச்சு. ஒரு தடவையாவது நீ எழுதினதை நான் கண்ணால படிக்க வேணாமா?"

அங்கேயே நின்னு ஓன்னு அழுதேன். "எல்லாரும் பாக்கறாங்க, கண்ணைத் துடை"ன்னாரு அப்பா. அவரும் துடைச்சுக்கிட்டாரு.