நடுங்காத கால்

வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் பூசை முடிந்து தெருவுக்கு வந்தபோது, "அக்கா, உங்க செருப்பு" என்று பூக்காரி கூப்பிட்டாள். என் இடது செருப்பு வாசலிலேயே கிடந்தது. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலால் தார்ச்சாலையை மிதித்ததும் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம்.

முதுகில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். பைலேட்ஸ் மாதிரி உடற்பயிற்சி ஏதாவது மெதுவாகச் செய்யுங்கள், காலுக்குத் தெம்பு வராவிட்டால் ஆபரேஷன் என்றார். எங்கள் ஜெயராஜ் மாமா முதுகு ஆபரேஷனுக்கு நடந்து போனவர்; திரும்பியது கட்டிலுக்கு. இன்னும் அதில்தான் இருக்கிறார். எனக்குத் தூக்கம் ஏது?

விவேக் நகரைச் சுற்றி வகுப்புகளுக்குக் குறைவில்லை. எதில் சேர்வது என்பதுதான் பெரும்பாடு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாயில் படுத்துச் செய்யும் வகுப்பில், இனி எழுந்திருக்கவே முடியாதோ என்று பாதியில் எழுந்து வந்தேன். அடுத்தது ரீஃபார்மர், ஸ்பிரிங் பூட்டிய நகரும் பலகை. நமக்கு லேசானது போதும் என்று ஒரு ஸ்பிரிங்கை நானே கழற்றிவிட்டேன். ஸ்பிரிங் குறைந்தால் பிடிமானமும் குறையும் என்று யார் கண்டது? ஏறி நின்றதும் பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. அலறி இறங்கியவள் அந்தப் பக்கமே போகவில்லை.

மிச்சமிருந்தது 'பார்' என்கிற வகுப்பு. சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து, குதிகாலைத் தூக்கி, முட்டியை மடக்கி நிற்க வேண்டும். கம்பி ஓடாது என்பதால் சேர்ந்தேன். முதுகு விஷயத்தை மூச்சுவிடவில்லை. சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே.

நடுக்கம் வந்தால்தான் தசை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள், சொல்லித்தரும் வீணா. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கத் தொடைகள் வெடவெடத்தன. என் வலது காலும் ஆடியது. இடது கால் அசையாமல் நின்றது.

"லவினா மேடம் லெஃப்ட் லெக் பாருங்க, எவ்ளோ ஸ்ட்ராங்," என்று வீணா எல்லாருக்கும் காட்டினாள்.

"அது ஸ்ட்ராங் இல்ல மிஸ்," என்றேன். "அது செத்துப்போச்சு."

செருப்பிலிருந்து மாமா வரைக்கும் கொட்டிவிட்டேன். வெளியே அனுப்பிவிடுவாள் என்று பையைத் தேடினேன். அவளோ டாக்டர் எதையெல்லாம் செய்யக் கூடாது என்றார் என்று விசாரித்துவிட்டு, மறுபடி கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லி என் காலருகே குனிந்தாள். பாரம் மொத்தத்தையும் வலது காலிலேயே போட்டிருக்கிறேனாம். இடது கால் வெறுமனே நிற்கிறதாம்.

என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் வெயிட்ட அந்தக் கால்ல குடுங்க மேடம். நான் பிடிச்சிருக்கேன்."

செருப்பைத் தொலைத்த காலை நம்பியா? மாமாவின் கட்டில் கண் முன்னால் வந்தது. குழந்தை இயேசுவே என்று சாய்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். முட்டிக்கு மேலே எங்கோ சின்னதாக ஒரு துடிப்பு. பிறகு தொடை முழுக்க நடுங்கியது.

போதும், குதிகாலை இறக்கிக்கொள்ளுங்கள் என்றாள் வீணா. நான் இறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நடுக்கம் எப்போது நிற்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அது நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.