ஐந்துக்கு ஒன்று

கணக்கு டீச்சர் வாழ்நாளில் ஃபெயில் ஆனதில்லை. மற்றவர்களை ஃபெயில் ஆக்கித்தான் பழக்கம். சிவப்புப் பேனா பிடித்தே காய்த்துப்போன விரல் அது. அப்படிப்பட்டவளுக்கு, அவளிடம் படித்த பிள்ளைகளைவிடச் சின்னவளான ஒரு பெண், அவள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவள் போட்டுக் கொடுத்த காபியையே குடித்துக்கொண்டு, ஐந்துக்கு ஒன்று என்று மார்க் போட்டால் எப்படி இருக்கும்? டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணா?"

"ஆமா டீச்சர். ஒண்ணு."

"அஞ்சுக்கா?"

"அஞ்சுக்குத்தான்."

உள்ளறையிலிருந்து டீச்சர் வீட்டுக்காரரின் சிரிப்பு கேட்டது. பாதியிலேயே அது இருமலாகிவிட்டது. "விடு டீச்சர்! முட்டை வாங்காம தப்பிச்சியே!"

நடந்தது இதுதான். அந்தப் பெண் பல்கலைக்கழகத்தில் முதுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். நோய் முற்றி ஒருவரால் பேச முடியாமல் போனால், டாக்டர்கள் முடிவு கேட்பது அவருடைய புருஷனையோ பெண்டாட்டியையோதான். அப்படிக் கேட்கப்படுகிற ஆளுக்கு நோயாளியின் மனசு எவ்வளவு தெரியும்? அதைத்தான் அவள் குழு அளந்துகொண்டிருந்தது. நோயாளியிடம் ஒரு கட்டுச் சீட்டைக் கொடுப்பார்கள். கடைசிக் காலத்தில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சீட்டுக்கு ஓர் ஆசை அச்சடித்திருக்கும். அவர் தமக்கு முக்கியமான ஐந்தை எடுக்க வேண்டும். பக்கத்து அறையில் துணைக்கும் அதே மாதிரி ஒரு கட்டு. அவர் எந்த ஐந்தை எடுத்திருப்பார் என்று இவர் ஊகித்து எடுக்க வேண்டும். அப்புறம் சீட்டையெல்லாம் கலைத்துவிட்டு, எத்தனை பொருந்தியது என்பதை மட்டும் சொல்வார்கள். எது எது என்று மூச்சுவிட மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்து மறுபடி பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரி இதயப் பிரிவில் இந்த ஆராய்ச்சிக்கு ஆள் தேடியபோது, முதலில் கை தூக்கியதே டீச்சர்தான். இவரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்கிற தெனாவட்டு. அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினவருக்கு இப்போது குளியலறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. இதயம் களைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குக் காபியில் எத்தனை சர்க்கரை, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எந்தப் பொய்யைச் சொல்லும்போது காதைச் சொறிவார், எல்லாம் டீச்சருக்கு அத்துப்படி. அதில் ஒன்றுகூடச் சீட்டில் இல்லையே!

"மறுகூட்டல் உண்டா?" என்று கேட்டாள்.

"கிடையாது டீச்சர்."

"எது சரின்னாவது சொல்லு."

"சொன்னா எங்க குழுவே என்னை வீட்டுக்கு அனுப்பிடும். நீங்க ஐயாகிட்டயே கேக்கலாமே? அதுக்குத் தடை இல்லை."

"கேட்டு எழுதினா அதுக்குப் பேரு காப்பி" என்றாள் டீச்சர். வந்த கோபத்தில் காபி டம்ளரை அந்தப் பெண் குடித்து முடிப்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் துப்பறியும் வேலை ஆரம்பமானது. டிவியில் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். "எதிர் வீட்டுப் பெரியவர் போனாரே, வீட்டுல எல்லாரும் சுத்தி நின்னாங்களாம். கொடுத்து வெச்சவர், இல்லீங்க?" என்று தூண்டில் போடுவாள்.

"என்ன டீச்சர், என் வாயைப் பிடுங்குறியா?" என்பார் அவர். "நேரா கேளேன், சொல்லிட்டுப் போறேன்."

"ஒண்ணும் வேண்டாம். நானே கண்டுபிடிப்பேன்."

காப்பி, கத்தரிக்காய் எல்லாம் சும்மா. உண்மையைச் சொல்லிவிடலாம். டீச்சருக்குப் பயம். கேட்டால், அவர் போகப்போகிறார் என்பதை அவளும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கேட்காதவரை அவர் உடம்பு சரியில்லாதவர், அவ்வளவுதான். வகுப்பையே கிடுகிடுக்க வைத்த மனுஷி, சொந்தப் புருஷனிடம் ஒரு கேள்வி கேட்க முடியாமல் சமையலறையில் போய் நின்று அழுதுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

மாதம் முடிவதற்குள் அவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆம்புலன்சில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டர் டீச்சரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை சமாளிச்சிட்டோம்மா. மறுபடி இப்படி வரும். அப்ப தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கணுமா, வேண்டாமா? இல்ல, வீட்டுக்கே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கறீங்களா? அவருக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும்."

டீச்சர் வாயைத் திறந்துவிட்டாள். 'வீட்டுக்குத்தான் டாக்டர்' என்கிற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அன்றைக்கு அவள் முதலில் எடுத்த சீட்டே அதுதான். அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. ஐந்துக்கு ஒன்று வாங்கினவள் எந்தத் தைரியத்தில் பதில் சொல்வது?

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றாள். "நான் ஃபெயிலான ஆளு. அவரையே கேட்டுட்டு வந்துடறேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க டீச்சருக்கு நேரமும் இல்லை.

அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னங்க, அந்த அஞ்சு சீட்டு என்னென்ன?"

"காப்பியா?"

"காப்பிதான். சொல்லுங்க."

அவர் விட்டு விட்டுத்தான் பேசினார். "வலி கூடாது."

"அது நான் எடுத்தேன். அந்த ஒரு மார்க்கு அதுதான்."

"நெஜத்தைச் சொல்லணும். நீயும் டாக்டரும் வெளிய போய்க் குசுகுசுன்னு பேசுறீங்களே, அது வேண்டாம். மூணாவது, மெஷின் கூடாது. காலமெல்லாம் மெஷினோட மல்லுக்கட்டியாச்சு. போதும்."

"சரி. நாலாவது?"

"வீடு வேண்டாம்."

"ஏங்க?" டீச்சர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள். "நான் பார்த்துக்க மாட்டேனா?"

"நல்லாப் பார்த்துப்ப. அப்புறம் அதே ரூம்ல நீ படுக்கணுமே டீச்சர். அந்தக் கட்டிலைப் பார்த்துக்கிட்டே."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதை அவள் எந்தக் காலத்திலும் ஊகித்திருக்க மாட்டாள். "அஞ்சாவது?" என்று ஜன்னலைப் பார்த்தே கேட்டாள்.

அவர் தயங்கினார். காதைச் சொறியவில்லை. "தினம் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. "நான் உங்களுக்குத் தொந்தரவா?"

"அட, அதில்ல. லிப்ட் குழிக்குள்ள தனியா உக்காந்தே பழகினவன் நான். எனக்கு யோசனை வர்றதே அங்கதான். நீ பக்கத்துல இருந்தா உன் முகத்தைப் பார்க்கணும். பார்த்தா, தைரியமா இருக்கிற மாதிரி நடிக்கணும். எனக்கும் கொஞ்ச நேரம் பயப்பட வேண்டாமா டீச்சர்?"

அவர் கட்டில் கம்பியை விரல் மோதிரத்தால் தட்டிக் காட்டினார். "குழிக்குள்ளேர்ந்து மேல இருக்கிற ஆளுக்கு இப்படித்தான் சொல்லுவோம். ஒரு தட்டுன்னா அப்படியே நில்லு. ரெண்டு தட்டுன்னா தூக்கு. நானும் தட்டுறேன். நீ வெளியதானே இருப்ப?"

"வேற எங்க போய்த் தொலையப் போறேன்?" என்றாள் டீச்சர். அதற்கப்புறம் அவள் அழுததை அவர் பார்த்தார். அவள் மறைக்கவில்லை.

அன்று அவள் எடுத்திருந்த மற்ற நான்கு சீட்டும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. வீட்டிலேயே இருக்க வேண்டும். கெட்ட செய்தி காதில் விழக் கூடாது. கடைசிவரை எல்லா வைத்தியமும் செய்து பார்க்க வேண்டும். எந்நேரமும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அத்தனையும் அவளுடைய ஆசை. அவர் பேரில் பரீட்சை எழுதப் போய்த் தன்னையே எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

டீச்சர் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆளா? டாக்டரைக் கையோடு உள்ளே கூட்டிவந்து, "என்ன பேசினாலும் இவர் முன்னாடி பேசுங்க" என்றாள். மெஷின் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று அவரையே சொல்லவைத்தாள். வலி தணிக்கும் பிரிவில் ஓர் அறை கிடைக்கும்வரை ஒற்றைக்காலில் நின்றாள். கிடைத்ததும், தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெளியூரிலிருந்து மகள் ஃபோனில் குதித்தாள். "என்னம்மா இது அநியாயம்! அப்பாவைக் கொண்டுபோய் அங்க போட்டுட்டு, நீ கதவைச் சாத்திட்டு வெளிய உக்காந்திருக்கியாமே? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் சீட்டுக்கட்டைக் கொடுத்துப் பாரு, அஞ்சுக்கு எத்தனை வாங்குறாங்கன்னு" என்றாள் டீச்சர். "நீ கிளம்பி வா. வந்து அப்பாவையே கேளு."

சொன்னபடி மாதம் முடிந்து ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். அறைக்குள் அவர் சீட்டை எடுக்க, வெளியே பெஞ்சில் டீச்சர் எடுத்தாள். சில சீட்டைக் கீழே வைக்க அவளுக்கு மனசே வரவில்லை. வராவிட்டாலும் சரியாகத்தான் வைத்தாள்.

"டீச்சர்!" பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அஞ்சுக்கு அஞ்சு!"

"தெரியும். அதுல நாலு எனக்குப் பிடிக்கல. அதையும் எழுதிக்கோ."

"அதை எழுத எங்க ஆராய்ச்சியில இடம் இல்லையே டீச்சர்."

"அப்ப இடம் பண்ணு. ஒருத்தரோட மனசைத் தெரிஞ்சுக்கிறது ஒரு பாடம். தெரிஞ்சப்புறம் அதும்படி நடக்கிறது வேற பாடம். ரெண்டாவதுதான் கஷ்டம். அதுக்கு நீ மார்க்கே வைக்கல."

அந்தப் பெண் பேனா மூடியைத் திறந்தாள். பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அவள் போன பிறகு சாயங்காலமாகிவிட்டது. டீச்சர் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கமாக வந்த நர்ஸ், "ஏம்மா இங்க உக்காந்து கஷ்டப்படுறீங்க, உள்ள போங்களேன்" என்றாள்.

"இது அவரோட நேரம்" என்றாள் டீச்சர்.

உள்ளே கம்பியில் ஒரு தட்டு கேட்டது. டீச்சர் பாதி எழுந்துவிட்டாள். ஒரு தட்டு என்றால் அப்படியே நில்லு. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பயந்துகொண்டிருக்கலாம், அழுதுகொண்டிருக்கலாம், சும்மா யோசித்துக்கொண்டும் இருக்கலாம். உள்ளே ஓடு ஓடு என்று உடம்பெல்லாம் பதறியது. அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டது. இரண்டு தட்டு.

"வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் கதவைத் தள்ளினாள்.