ஆறு வாரம் பாக்கி

என் விவாகரத்துக்குக் குறுக்கே நின்றவர் என் கணவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டு, பீரோ யாருக்கு, கட்டில் யாருக்கு என்பதைக்கூடச் சண்டையில்லாமல் பேசி முடித்த பிறகு, கடைசி நாளில் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நீதிபதியிடம் சொன்னார்:

"தப்பெல்லாம் என்மேலதாங்க. திருத்திக்கிறேன். ரெண்டு மாசம் டைம் குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் இதுவரை மற்றவர்களைப் பற்றித்தான் வந்திருக்கிறது. நாங்கள் குடியேறிய இந்த நாட்டு ரயில்வேயில் சிக்னல் பழுது பார்ப்பவர். துணி காயப்போடுவதற்கும் ஒரு முறை வைத்திருப்பார், கதவைச் சாத்துவதற்கும் ஒரு முறை வைத்திருப்பார். மருந்துச் சீட்டு, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், எது கையில் கிடைத்தாலும் உரக்கப் படித்துக் காட்டுவார். அடித்தான், குடித்தான் என்றால் ஊர் நம்பும். படித்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நீதிபதி மகிழ்ந்துபோய் இரண்டு மாதம் கொடுத்தார். பின்வரிசையில் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். பென்ஷன் விதிகள். முந்தின நாள் வேலைக்கு நடுவே சும்மா இருந்தபோது படித்தாராம். ஒரு பக்கத்தில் பென்சில் கோடு போட்டிருந்தார்.

"பத்து வருஷம் முழுசா முடிஞ்ச கல்யாணம்னா, பிரிஞ்ச பிறகும் உனக்குப் பென்ஷன்ல பங்கு உண்டு. நான் போயிட்டாலும் வரும். நமக்கு இன்னும் ஆறு வாரம் பாக்கி. இன்னைக்கே முடிஞ்சிருந்தா உனக்கு ஒண்ணும் கிடையாது."

அவருடைய ஒவ்வொரு மாற்றலுக்கும் நான் ஒரு பேக்கரி வேலையை விட்டிருக்கிறேன். மூன்று ஊர், மூன்று வேலை. எனக்கென்று பென்ஷன் எதுவும் இல்லை. வயதான காலத்தில் யார் வாசலில் போய் நிற்பது என்ற பயத்தை நான் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. இவர் அதற்காகத்தான் ஊர் பார்க்கத் தலைகுனிந்து நின்றிருக்கிறார்.

முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். காலையில் மூன்று தடவை போன் செய்தாராம். உண்மைதான், அவர் பெயரைப் பார்த்ததும் நான்தான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அப்போ தப்பெல்லாம் உங்கமேலன்னு சொன்னது, டைம் வாங்கவா?"

புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். "எல்லாம் இல்ல. பாதி என்மேலதான்."

அந்தப் பாதிக்கே என் கோபம் இறங்கிவிட்டது.

பத்து வருஷத்தில் அந்த ஆறு வாரம்தான் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். தன் வாடகை அறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். நாத்தனாரைப் பொறுத்தவரை நாங்கள் சேரப் போகிறோம். எங்களைப் பொறுத்தவரை நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். பத்தாவது கல்யாண நாளன்று நானே கேக் செய்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். சேர்ந்தே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் மனசு இளகியது. அப்போது எழுந்து போய், நான் அடுப்பை அணைத்த முறை சரியில்லை என்று விளக்கினார். இளகின மனசு பழையபடி இறுகிவிட்டது.

மறுபடியும் நீதிமன்றம். இவ்வளவு நல்ல மனிதரை ஏன் விடுகிறாய் என்று நீதிபதி என்னிடம் ஆதங்கமாகக் கேட்டார்.

"நல்லவருதாங்க. அவரு போயிட்டா எனக்கு இன்னும் ஜாஸ்தி வரும்னு புத்தகத்துல போட்டிருக்கு. ஆனாலும் அவரு நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். வேற வீட்ல."

கையெழுத்துப் போடும்போது நீதிபதியின் தோள் குலுங்கியது. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, நான் சொன்னதில் அவர் எதையும் திருத்தவில்லை.