எத்தனை பேர் பேசுவீங்க?

1

இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்துப் பிடித்தது இல்லை. ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது.

ஹெட்போன் வயர் வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், வீட்டிலிருந்தே பேசிப் பதிவு செய்ய ஒரு பெட்டி கேட்டார். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி; ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். விற்பனைப் பெண் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றில் ஒரு மைக் செருகலாம். மற்றதில் இரண்டு.

"எத்தனை பேர் பேசுவீங்க?" என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்வி. அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம், "ஒருத்தர்தான்" என்றார்.

நான் கண்டது அவ்வளவுதான். எனக்கு வேண்டிய வயர் அங்கே இல்லை. அந்தப் பதிலுக்கு முன்னால் இருந்த இடைவெளியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "பின்னணிக் குரல் கொடுப்பதில் பேர் வாங்கிய அவருக்கு" (வேண்டாம். குரலை வைத்துப் பிழைப்பவர் கடையில் இப்படித் தயங்கமாட்டார்.)

இரண்டாவது: "மறைந்த மனைவியின் குரலை" (எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாவது நின்றது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பது வேலையில் ஒரு பங்கு. அதனால் அவரிடம் கதைகள் இருந்தன. சண்டை போட்டுக்கொண்டே ஏறிய கணவனும் மனைவியும் மாட்டிக்கொண்ட கதை அதில் ஒன்று. அவர் கதவை நெம்பித் திறந்தபோது, உள்ளேயிருந்து அந்த அம்மா, "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வாங்களேன், இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்" என்றாளாம்.

வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதைகளைச் சொல்லச் சொல்வார்கள். சொல்வது மெக்கானிக். ஆனால் பக்கத்தில் அத்தான் இருக்க வேண்டும்.

அத்தான் என்றால் அவருடைய அக்கா கணவர். பள்ளி வேன் ஓட்டுபவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் பழகியவர் என்பதால் மெதுவாகப் பேசவும் தெரியாது, மெதுவாகச் சிரிக்கவும் தெரியாது. கதை நடுவில் புகுந்து, "அந்த ஆளு கையில என்ன வெச்சிருந்தான்?" என்று சம்பந்தமே இல்லாமல் கேட்பார். மெக்கானிக் எரிச்சலோடு பதில் சொல்வார். அந்த எரிச்சலுக்கே வீடு சிரிக்கும்.

இதையெல்லாம் பதிவு செய்து இணையத்தில் போடலாம் என்று சொன்னதே அத்தான்தான்.

"ஊரே பாட்காஸ்ட் போடுது மாப்ள. நமக்கென்ன குறைச்சல்? நீ சொல்லு, நான் கெடுக்கறேன்."

3

பெட்டி வாங்கும் பொறுப்பு மெக்கானிக்குடையது. அவருக்கு எதையும் அலசாமல் வாங்க வராது. எந்தப் பெட்டியில் இரைச்சல் குறைவு, எதில் குரலைக் கூட்டினால் கரகரக்கும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போவார்.

இடையில் ஒன்று நடந்தது. பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. (இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பலரும் பிரிவது சண்டையால் இல்லை.) ஒரு குடும்ப விருந்தில், அந்தக் கணவன் மனைவி கதை கதவு திறக்கும் கட்டத்துக்கு வருமுன் அத்தான் முந்திக்கொண்டு சிரித்துவிட்டார். முடிவு கெட்டது. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். கைகழுவும் இடத்தில் ஒரு விருந்தாளி இன்னொருவரிடம் சொன்னார்: "அந்த வேன்காரர் இருந்தா போதும்யா, நேரம் போறதே தெரியல."

மெக்கானிக் பின்னால் நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கியவன் நான், கிரீஸ் பூசிக்கொண்டவன் நான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கடை. "ஒருத்தர்தான்."

அவரிடம் நியாயமான காரணமும் இருந்தது. சின்ன அறையில் இரண்டு மைக் வைத்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் ஏறும், வெட்டி ஒட்டுவது சிரமம். எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். உண்மையான காரணம் ஒன்று கையில் இருந்தால் உண்மையை மறைப்பது எவ்வளவு சுலபம்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் அத்தானும் வந்தார்கள். அலமாரி இருந்த சின்ன அறையில் கம்பளி தொங்கவிட்டு, மேசைமேல் பெட்டியை வைத்திருந்தார் மெக்கானிக்.

அத்தான் ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு மைக்கை எடுத்தார். புதுசு. அவரே விசாரித்து, அவரே தேர்ந்தெடுத்து வாங்கியது.

"உனக்குத் தெரியாம வாங்கினேன். என் கூச்சலைத் தாங்கற மைக்கா குடுங்கன்னு கேட்டேன். கடைக்காரன் சிரிச்சிட்டான்."

வயரைப் பிரித்துக்கொண்டே பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். இருந்த ஒரே துளையில் மெக்கானிக்கின் மைக் செருகியிருந்தது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இது எங்க மாப்ள?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். "ரெண்டு மைக் வெச்சா குரல் ஒண்ணுமேல ஒண்ணு ஏறும் அத்தான், அதனால..."

"அதுவும் சரிதான்" என்றார் அத்தான். "எனக்கும் தொண்டை சரியில்ல. நீ பேசு. நான் வெளிய இருக்கேன், இங்க இருந்தா என் மூச்சு சத்தம் கேட்கும்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

(என் கதைகளை முதலில் படிப்பவள் என் மனைவி. இந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த அத்தான் ரொம்ப நல்லவரா இருக்காரே. இவருக்குக் கோபமே வராதா?"

"வரும்."

"எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே."

தேடினேன். ஒரு வரி சேர்த்தேன்: போகுமுன் அத்தான் அந்த வயரை, கடையில் மடித்துக் கொடுத்தது போலவே, மடிப்பு மாறாமல் மடித்துப் பையில் வைத்தார். அவ்வளவு நேரம் எடுத்து எதையும் மடிக்கிற ஆள் இல்லை அவர்.

"இப்ப தெரியுது" என்றாள்.)

5

மெக்கானிக் தனியாகப் பேசினார். குரல் சுத்தமாகப் பதிந்திருந்தது. இரைச்சல் துளியும் இல்லை. போட்டுக் கேட்டார். பழுது பார்த்ததற்கு அறிக்கை வாசிப்பது போல இருந்தது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்பதற்கு ஆள் இல்லை. நாலு இடத்தில் நிறுத்தி, யாராவது குறுக்கிட அவர் காத்திருந்தது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அடுத்த வாரமே கடைக்குப் போய்ப் பெட்டியை மாற்றினார். இரண்டு மைக் செருகும் பெட்டி. அத்தானுக்கு போன் செய்தார்.

"அதுக்கெதுக்கு மாப்ள சிரமப்பட்ட?" என்று சொல்லிக்கொண்டே அத்தான் வந்தார். துணிப்பையும் வந்தது. இரண்டு மைக், இரண்டு நாற்காலி. கணவன் மனைவி கதையைத் தொடங்கினார் மெக்கானிக். நடுவில் வழக்கமாக இடம் விடும் இடத்தில் இடம் விட்டார். அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். விரலை லேசாகத் தூக்கி, "நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றார்.

மெக்கானிக் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "கேளுங்க அத்தான்."

நல்ல கேள்விதான் கேட்டார். கதைக்குப் பொருத்தமான கேள்வி. முடிவு வந்ததும் சிரித்தார், அளவாக. குரல் அளவுக்கு மீறினால் சிவப்பாக மாறும் பெட்டியின் பச்சை விளக்கு, ஒரு தடவைகூட மாறவில்லை.

இணையத்தில் போட்டதும் அக்கா கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. ரெண்டு பேரும் ஆபீஸ்ல பேசிக்கற மாதிரி இருக்கு."

6

முடிவு எழுதவேண்டும். மன்னிப்புக் கேட்பதுதான் வழி என்று எனக்கும் தெரியும், மெக்கானிக்குக்கும் தெரியும்.

வேன் நிற்கும் இடத்துக்கு அவரை அனுப்பினேன். அத்தான் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அன்னைக்குக் கடையில அந்தப் பொண்ணு எத்தனை பேருன்னு கேட்டப்ப நான்"

"அட, விடு மாப்ள. டீ குடிக்கலாமா?"

எழுதியதை அடித்துவிட்டு, மெக்கானிக்கை அக்கா வீட்டுக் கூடத்துக்கு அனுப்பினேன்.

"அத்தான், உங்களை வேண்டாம்னு நினைச்சுத்தான் நான் அந்த"

"விடு மாப்ள, நாம என்ன வெளி ஆளா?"

மைக்குகளை அணைத்துவிட்டு, அந்தச் சின்ன அறையிலேயே இருவரையும் உட்காரவைத்தும் பார்த்தேன். மெக்கானிக் தொண்டையைச் செருமியதுமே அத்தான் எழுந்துவிட்டார்.

நல்லவர்களிடம் இது ஒரு தொல்லை. மன்னித்துவிடுகிறார்கள், கேட்பதற்கு முன்னாலேயே. கேட்கவேண்டியவன் வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

என்னால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீளமாக எழுதாதீர்கள். அத்தான் "விடு மாப்ள" என்று சொல்வதற்குள் அது முடிந்துவிட வேண்டும்.

"அத்தான், நான் அன்னைக்கு