சிவப்புக் கட்டம்

டயர் கடைக்காரர் வீட்டில் சிவப்பு வாளிகூடக் கிடையாது. சிவப்பு எதிரி அணியின் நிறம். அவருடைய கால்பந்து கிளப்புக்குப் பச்சை. அப்படிப்பட்டவரின் தலையெழுத்தைப் பாருங்கள்! கிளப் தலைவர் தேர்தலில் வேட்பாளர்களுக்கு நிறம் ஒதுக்கக் குலுக்கல் போட்டபோது, அவரும் அவர் கிளைக்காரர்களும் தூக்கிப் பிடித்த பழைய கேப்டனுக்கு வாக்குச்சீட்டில் சிவப்புக் கட்டம் விழுந்துவிட்டது. பச்சை, கிளப்பை விற்கத் துடித்த சிமென்ட் வியாபாரிக்குப் போனது.

முத்திரையோடு நின்றவரின் கை சிவப்புப் பக்கம் போகவே மாட்டேன் என்றது. பச்சையில் குத்திவிட்டு வந்தார்.

கேப்டன் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். கிளைவாரியாகக் கணக்கை ஒட்டினார்கள். பதினொரு பேர் கொண்ட அவர்கள் கிளையில் பத்துக்கு ஒன்று.

அதுவரை டயர் கடையில் கூடி, கள்ள ஓட்டு, எண்ணியதில் மோசடி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"அந்த ஒருத்தன் எவன்டா?" என்றான் வெல்டர். "சிமென்ட்காரன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சது யாரு?"

எல்லோரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். அவன் டயர் கடைக்காரரின் தங்கை புருஷன்.

"கூலிக்கு அடிச்சேன்டா! ஓட்டு கேப்டனுக்குத்தான் போட்டேன். மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

உண்மை அவருக்குத் தொண்டை வரை வந்தது. அதற்குள் வெல்டர் பெயிண்டரின் மூக்கில் ஓங்கிக் குத்தினான். ரத்தம் பழைய டியூப்புகள் மேல் கொட்டியது. நாலு பேர் பெயிண்டரை அமுக்கி, வலது கையை ஒரு டயர் மேல் நீட்டி வைத்தார்கள்.

"முத்திரை குத்தின கை இதுதான? அண்ணே, அந்தக் கம்பிய எடுங்க."

டயர் கழற்றும் கம்பி கடைக்காரரின் காலடியில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். தன் உயிருக்குப் பயந்து கொடுத்தார், அவ்வளவுதான். மூன்று அடி விழுந்தது. தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபடியே மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேர்தல் முடிவை எதிர்த்துக் கேப்டன் வழக்குப் போட, ஒரே மாதத்தில் மறுதேர்தல் வந்தது. பெயிண்டர் மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்தான். ஓட்டுப் போட வரவில்லை. தங்கை அண்ணனுக்குக் கதவைத் திறக்கவில்லை. இந்தத் தடவை சிவப்பில்தான் குத்துவேன் என்று கடைக்காரர் தன் தலையிலடித்துச் சத்தியம் செய்துகொண்டு போனார். சீட்டில் அதே கட்டங்கள். சிவப்பைப் பார்த்ததும் ரத்தம் கொட்டிய அந்த டியூப்புகள் நினைவுக்கு வந்தன. கை தானாகப் பச்சைக்குப் போனது.

கேப்டன் மறுபடியும் தோற்றார். அவர்கள் கிளையில் ஒன்பதுக்கு ஒன்று.

பத்துப் பேரும் கடையில் கூடினார்கள். வெல்டர் விரல்விட்டு எண்ணினான்.

"பெயிண்டர்தான் ஓட்டே போடலையே," என்றான் மெதுவாக. "அப்ப இது யாரு?"

அவன் போய் ஷட்டரை இறக்கினான்.

"அண்ணே, அந்தக் கம்பிய எடுங்க."