லிஃப்டில் பொறுக்கிய வார்த்தை

“உனக்குத் தெரியும்.”

“தெரியாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?”

“தெரியும்னும் சொல்லலையே. வாயைத் தச்சு வெச்சிருந்தாங்களா?”

“நீங்க கேட்டீங்களா? வந்தீங்க, சொன்னீங்க, கண்ணாடி முன்னால போய் நின்னுக்கிட்டீங்க.”

“கேட்டாத்தான் சொல்வியா? நான் நடுரோட்டுல சட்டையில்லாம நின்னாலும், கேட்டாத்தான் சொல்வியா?”

புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவர் வாயிலிருந்து சொல் முழுதாக இறங்குவதற்குள் மற்றவர் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று குறைந்தது. அவர்களுக்கும் பொழுதுபோக வேண்டாமா? அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

காலையில் அவள் பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை இன்னும் அவன் உடம்பில்தான் இருந்தது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவன் மெக்கானிக். சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகி, இன்று அதற்கு நேர்முகத் தேர்வு. சூப்பர்வைசர் என்றால் வாடிக்கையாளரிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் தவம்.

உங்களைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். இவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “ஐ ஆம் எ மெண்டேசியஸ் மேன், சார்” என்றானாம். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஓரத்தில் இருந்த அம்மாள்தான், அப்படியென்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று தன்மையாகக் கேட்டிருக்கிறாள். மெண்ட் பண்ணுகிறவன் மெண்டேசியஸ், எது உடைந்தாலும் சரி பண்ணிவிடுவேன் மேடம் என்று இவன் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறான். சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை என்று அவனே சொன்னான். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. வாய் கூசாமல் பொய் பேசுகிறவனுக்குத்தான் அந்த வார்த்தை என்று அந்த அம்மாளே சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாளாம்.

லிஃப்டுக்குள் ஏறுகிறவர்கள் மெக்கானிக்கை ஆளாக நினைப்பதில்லை. அவனும் ஒரு பொத்தான், ஒரு கம்பி. அவன் தலைக்கு மேலேயே இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். கீழே விழுந்த திருகாணியைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வதுபோல அவன் அந்த வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். வெங்காயம் மலிந்திருந்தால் “ப்ளெத்தோரா”. ஃப்யூஸ் பெட்டியில் ஒயர்கள் சிக்கிக் கிடந்தால், வாய் நிறைய, மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவனைப்போல, “டிஸ்காம்பாபுலேட்டட்”. அர்த்தம் பாதி சரியாக இருக்கும், பாதி அவனே வைத்ததாக இருக்கும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான்.

அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கோவையாக நாலு வாக்கியம் இங்கிலீஷில் பேசச் சொன்னால் அவளுக்கு வியர்த்துவிடும். ஆனால் இந்த மாதிரி வார்த்தைகள் நோட்டீசுக்கு நோட்டீஸ் அவள் விரலுக்கடியில் ஓடுகிறவை. வழக்கில் எதிர்த்தரப்புக்காரன் யாராக இருந்தாலும் வக்கீலுக்கு அவன் மெண்டேசியஸ்தான். ஒருமுறை தன் தங்கை புருஷன் இருக்கும்போது, அது அப்படி இல்லைங்க என்று இவன் சொன்ன ஒரு வார்த்தையைத் திருத்தப் போய், வாரம் முடியும்வரை இவன் அவளோடு பேசவில்லை. அன்றோடு அவள் வாய்க்குப் பூட்டு.

இந்த மெண்டேசியஸை அவன் கொண்டுவந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாள்கணக்கில் நின்றுபோயிருந்த ஒரு குடியிருப்பு லிஃப்டை ஓடவைத்துவிட்டு வந்திருந்தான். உள்ளே ஏறிய இரண்டு பெரிய மனிதர்களில் ஒருவர் இவன் பக்கமாகத் தலையை ஆட்டி, இன்னொருவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னாராம். “என்னைப் பத்தி இங்கிலீஷ்ல பெருமையாப் பேசிக்கிட்டாங்க” என்றான். மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு வந்தவனைப்போல இருந்தான். அதைப் பிடுங்கினால் தோலோடு வரும் என்று தோன்றியது. விட்டுவிட்டாள்.

அது ஒரு பாதி. மறுபாதி, அவன் குளிக்கப் போனதும் தங்கைக்கு ஃபோன் போட்டது. அக்காளும் தங்கையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதிலிருந்து தங்கை ஃபோனை எடுத்தாலே, “மெண்டேசியஸ் அத்தான் எப்படி இருக்கார்?” என்பதுதான் முதல் கேள்வி.

“இன்னிக்குக் காலைல சொல்ல வந்தேங்க” என்றாள் இப்போது. “இப்போ எதுவும் பேசாதே, படிச்சதெல்லாம் மறந்துடும்னு நீங்கதான் கையைக் காட்டினீங்க.”

“காலைல. அதுக்கு முன்னால எத்தனை காலை போச்சு?”

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் கை பாதியில் நின்றது. எதையோ கணக்குப் போடுகிறவனைப்போலச் சுவரைப் பார்த்தான். வேண்டாம், அங்கே போகாதே என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“முகத்தைக் கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்.”

“அப்போ அந்த லிஃப்ட்ல வந்த ஆளு…”

“அவங்க வேற யாரையாவது சொல்லியிருப்பாங்க.”

“என் பக்கம்தான் தலையை ஆட்டினான்.” கட்டிலில் உட்கார்ந்தான். கோபமெல்லாம் வடிந்து குரல் வெறும் குரலாக இருந்தது. “அந்த லிஃப்ட் நின்னு கிடந்தப்போ, பார்ட்ஸ் வந்துக்கிட்டிருக்கு, சாயங்காலம் ஓடிடும்னு சொல்லச் சொன்னாங்க ஆபீஸ்ல. ஆர்டரே போடலை. தினமும் போய் அதையே சொன்னேன். மேல் மாடியில கால் முடியாத ஒரு அம்மா. சாயங்காலமானா தலைவாரி, செருப்பு மாட்டிக்கிட்டு லிஃப்ட் கதவுக்கு முன்னால நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கும். அதுகிட்டயும்தான் சொன்னேன்.” பாதியில் விட்ட பொத்தானைத் திருகிக்கொண்டே, “சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருக்கான்” என்றான்.

அவள் அருகில் போய் நின்றாள். தோளைத் தொடலாமா என்று கை தயங்கியது. அதற்குள் அவன் ஃபோன் அடித்தது. எங்கேயோ யாரோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வந்துக்கிட்டே இருக்கேன் சார், அஞ்சு நிமி…” வழக்கமான வாய், வழக்கம்போல ஓடியது. நின்றது. “இல்ல சார். வீட்டுல இருக்கேன். அரை மணி ஆகும்.”

அந்தப் பக்கம் யாரோ கத்துவது அவள் காதுவரைக்கும் கேட்டது. எடுத்துச் சொல்லவோ சமாளிக்கவோ செய்யாமல் முழுதாகக் கேட்டுக்கொண்டான். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றி நாற்காலியின் மேல் மடித்து வைத்தான். நீலச் சீருடையை மாட்டிக்கொண்டான். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் குந்தி, ஷூ நாடாவை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான். அவள் பின்னால் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாடா முடிந்தது. அடுத்ததைக் கையில் எடுத்தவன் கட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். குனிந்த தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

“நான் அன்னிக்கு வந்து சொன்னப்போ… நீ சிரிச்சியா?”